வலது பக்கம் ஏறிய கோட்டு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், என் இடது முட்டி மட்டும் நலமில்லை. நீ, உன் வீட்டுக்காரி, உன் முதுகுவலி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று இந்தக் கடித ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நீ. கடிதத்தில் திட்டினால் பதில் வருவதற்குள் கோபம் ஆறிவிடும் என்றாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன கடிதத்துக்கு இன்னும் பதில் போடாத ஆளும் நீதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு யூனிஃபார்ம் கம்பெனியில் எனக்கு நீண்ட லீவு கொடுத்துவிட்டார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி வெட்டியவளை நாற்காலியில் உட்காரவைத்தால் கை சும்மா இருக்குமா? என் மகள் பார்த்தாள். ஊருக்குத் திரும்பும்போது கம்ப்யூட்டரில் ஒரு தெருவைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தெரு என்றால் தெருதான். கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் வீடுகள், விளக்குக் கம்பங்கள். நூற்றுமுப்பது நூற்றுநாற்பது வருடத்துக்கு முந்தைய தெருவாம். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தனக்கு ஓர் உடம்பைச் செய்துகொண்டு, ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு தொழிலும் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து உடைதான் போட வேண்டும். அங்கேதான் என் வேலை. மூலைவீடு எனக்கு, பெயர் டைலரம்மா. திரையில் தட்டையாகப் பேட்டர்ன் வரைந்தால் போதும், கம்ப்யூட்டரே அதைத் தைத்து ஆள் மேல் மாட்டிவிடுகிறது. போன வாரம் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரிக்கு முதுகில் தலையணை கட்டியதுபோல் புடைத்து நிற்கும் பாவாடை வெட்டிக் கொடுத்தேன். ஊசி ஒரு தடவைகூடக் குத்தவில்லை.

பேச்செல்லாம் எழுத்தில்தான். தட்டினால் தலைக்கு மேலே மிதக்கிறது. வெளியே நீ யார் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, அது தெருச் சட்டம். அதனால் எனக்கு ஒன்றுமே பிடிபடமாட்டேன் என்கிறது. நேற்று ரொட்டிக்கடைக்காரி, "அடுப்புல கருகுது டைலரம்மா, இதோ வரேன்" என்று ஓடினாள். தெருவில் உள்ள அடுப்பா, அவள் நிஜ வீட்டு அடுப்பா? வெள்ளிக்கிழமை அங்கே மழை பெய்தது. நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு இங்கே மொட்டைமாடிக் கொடியில் துணி எடுக்கப் போனேன். வெயில் பளீரென்று அடிக்கிறது. மாடிவீட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பதில் போடு. வெயிலில் அலையாதே.

அன்புடன்,
முட்டியைச் சபிக்கும் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். முதுகுவலியும் சுகமாக இருக்கிறது, நான்தான் கஷ்டப்படுகிறேன். முட்டிக்குச் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை டாக்டரிடம் மட்டும் செய்வதாகச் சொல்கிறாயா?

உன் கடிதத்தைச் சாயங்காலம் சத்தமாகப் படித்தேன். இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "இல்லாத தெருவுல பெய்யாத மழைக்கு, இருக்கிற துணியை எடுக்கப் போனாங்களா உங்க அக்கா?" என்று இவள் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

எனக்கு அதே லிஃப்ட்டு, அதே கிரீஸ். நேற்று ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. கஷ்டப்பட்டுக் கதவைப் பிளந்தால், உள்ளே இருந்த ஆள், "ஒரு நிமிஷம் இருங்க, இங்கதான் நிம்மதியா இருக்கு" என்கிறார். உனக்கு உன் தெரு போல அவருக்கு அது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தெருவுக்கு எப்படிப் போவது? யார் வேண்டுமானாலும் வரலாமா, இல்லை யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? முட்டி இப்போது பாதிதான் மடங்குகிறது. பயிற்சியைச் செய்கிறேன், சத்தியமாக.

தெருவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வழியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ வந்து என் மானத்தை வாங்காமல் இருந்தால் சரி.

என் மானம் ஏற்கெனவே போய்விட்டது, அதையும் கேள். தெருவில் டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு கோட்டு வெட்டினேன். முழங்கால் வரை நீளம், நிமிர்ந்த காலர், பின்னால் இடுப்பில் இரண்டு பட்டன். வரையும்போது அவ்வளவு அழகு. மாட்டிக்கொண்டு நின்றார், வலது பக்க விளிம்பு இடதைவிட மேலே ஏறி நிற்கிறது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் அப்படியே. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இத்தனை வருடம் வெட்டிய கைக்கு இது என்ன கேடு?

டாக்டரோ, "இருக்கட்டும் டைலரம்மா, அந்தக் காலத்துல இப்படித்தான் போட்டாங்க. நான் பழைய படத்துல பார்த்திருக்கேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். மறுநாள் போஸ்ட்மாஸ்டர் வந்து நின்றார். "எனக்கும் டாக்டர் மாதிரி ஒரு பக்கம் தூக்கி வெச்சுக் குடுங்க." இப்போது தெருவில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் வலது பக்கம் ஏறிய கோட்டில் விறைப்பாக நடக்கிறார்கள். நேரான கோட்டு போட்டவரைப் பட்டிக்காடு என்கிறார்கள்.

மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் என் வாழ்நாளில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கோட்டு தைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை. கோட்டு என்று நினைத்ததும் கை தானாக என் வீட்டுக்காரருடைய பேட்டர்னை வரைந்திருக்கிறது. கடைகடையாகப் போய்த் தராசு சரிபார்க்கிற வேலையில் எடைக்கல் பெட்டியை வலது கையில் தூக்கித் தூக்கி, அவருக்கு வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கும். ஊர்த் தராசையெல்லாம் நேராக்கிவிட்டு மனிதர் மட்டும் சாய்ந்து வீட்டுக்கு வருவார். அந்தத் தோளுக்கு வெட்டிய கோட்டை நேரான தோளில் போட்டால் ஏறாமல் என்ன செய்யும்?

அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். ஆறு வருடமாக நீ அதை மீறவில்லை, நானே மீறிவிட்டேன். நான்கு மாத வேலை என்று வெளியூர் போனவர் திரும்பி வரவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். "இன்னைக்குக் குழம்பு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தில்தான் எனக்கு இன்றுவரை எதுவும் ஒட்டவில்லை. போதும். இந்தப் பத்தியோடு சட்டம் மறுபடி அமலுக்கு வருகிறது.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். முட்டி முழுதாக மடங்கும்வரை மாடிக்குப் போகாதே; மழை நிஜமாகவே பெய்தாலும் துணி நனையட்டும்.

சட்டப்படி உன் கடிதத்தில் ஒரு பத்தியை நான் படிக்கவில்லை. மற்றதை மூன்று தடவை படித்தேன். ஒரு பக்கம் ஏறிய கோட்டு போட்ட போஸ்ட்மாஸ்டரை நினைத்தால் லிஃப்ட்டு ஷாஃப்ட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. கூட இருக்கிற பையன்கள் பயப்படுகிறார்கள்.

அங்கே காலி வீடு ஏதாவது இருக்கிறதா? என்ன தொழிலுக்கு ஆள் இல்லை? வயதானவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? என் முட்டிக்குச் சுகம் வந்துகொண்டிருக்கிறது, தலைக்குத்தான் கேடு வந்துவிட்டது.

நீ காலி வீடு கேட்டாய். ரொட்டிக்கடைக்குப் பக்கத்து வீடு காலியாக இருந்தது. நான் உனக்குப் பதில் எழுதுவதற்குள் அங்கே ஆள் வந்துவிட்டது. குடை ரிப்பேர்காரர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வருகிறார், தெருவில் மழை பெய்கிற நேரத்துக்குச் சரியாக. எல்லோரும் இருபத்தைந்து வயதில் சுருட்டை முடியோடு நிற்கிற தெருவில் இவர் முன்வழுக்கையோடு அறுபது வயதில் நிற்கிறார். நடக்கத் தெரியவில்லை. முதல் நாள் விளக்குக் கம்பத்தை முட்டிக்கொண்டு அங்கேயே கால் மாற்றி மாற்றி நடந்துகொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரிதான் திருப்பிவிட்டாள்.

இரண்டாவது வாரம் என் வாசலுக்கு வந்தார். "டைலரம்மா, எனக்கும் ஒரு கோட்டு வேணும். அவசரம் இல்லை." எல்லோருக்கும் கொடுக்கிற அதே கோட்டைக் கொடுத்தேன். மாட்டினார்.

நேராக நின்றது தம்பி. விளிம்பு இரண்டு பக்கமும் சமம். காலர் கழுத்தோடு ஒட்டி உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

தெருவே கூடிவிட்டது. "என்ன டைலரம்மா, இவருக்கு மட்டும் சரியா வரலையே! பக்கம் தூக்கவே இல்லையே!" என்று டாக்டர் கேலி செய்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் குடைக்காரரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தேன். வலது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது.

உடம்பு செய்கிற இடத்தில் தோளைச் சாய்க்க ஒரு பிடி இருக்கிறது. ஆனால் அது எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிறது. நானே அரைநாள் தேடித்தான் கண்டுபிடித்தேன். நிமிர்ந்த தோள் சும்மா கிடைக்கும்போது யார் மெனக்கெட்டுச் சாய்த்துக்கொள்வார்கள்?

நீதான் விளையாடுகிறாயா? அப்படியானால் நிறுத்து, எனக்கு இது விளையாட்டாக இல்லை. நீ இல்லையென்றால், என் தெருவைப் பற்றி வேறு யாரிடமாவது சொன்னாயா? இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. நீ கேட்டாயே, அந்தக் குடைக்காரர் நான் இல்லை. சத்தியமாக இல்லை. எனக்கு அந்தத் தெருவுக்குள் நுழையக்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் கம்ப்யூட்டரும் எனக்குக் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு வாரமாக ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் வேலை. படுக்கையோடு ஏற்றுகிற பெரிய லிஃப்ட்டு. தரையோடு சமமாக நிற்காமல் நாலு விரல் கீழே நின்றுவிடுகிறது. கயிற்றை மாற்றினோம், பிரேக்கை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் எதிர்எடையில் ஒரு கட்டை குறைகிறது. யார் எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இவளுக்குச் சளி. முதுகுக்குப் புது எண்ணெய் வாங்கியிருக்கிறாள், நாற்றம் தாங்கவில்லை. கோட்டு விஷயத்தில் ரொம்பக் குழப்பிக்கொள்ளாதே அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கேள்வி கேட்டேன். ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு, இரண்டாவதுக்குப் பதிலாக ஆஸ்பத்திரி லிஃப்ட்டை எழுதி அனுப்பியிருக்கிறாய். என்னைச் சின்னப்பிள்ளை என்று நினைத்தாயா?

நடந்ததைச் சொல்கிறேன். ரொட்டிக்கடையில் பித்தளைத் தராசு ஒன்று இருக்கிறது. படம்தான். தட்டு ஆடாது, முள் அசையாது, அழகுக்கு வைத்தது. போன வெள்ளிக்கிழமை மழையில் தெருக்காரர்கள் எல்லோரும் கடைக்குள் ஒதுங்கினோம். குடைக்காரர் அந்தத் தராசின் முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். பிறகு அவர் தலைக்கு மேலே எழுத்து வந்தது.

"இந்தத் தராசுல முள்ளு நடுவுல இல்லை."

"அது சும்மா அழகுக்கு வெச்சதுங்க" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"அழகுக்கு வெச்சாலும் முள்ளு நடுவுல இருக்கணும்."

என் சமையலறையில் ஒரு பொம்மைத் தராசு இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. அதைப் பார்த்து இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

நான் ஸ்விட்சைக்கூடத் தேடவில்லை. ஒயரையே பிடுங்கிவிட்டேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கொஞ்சம் சந்தோஷமும் வந்தது, அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருக்கிறது. இங்கே காய்கறிக்காரர் முதல் கம்பெனி வாட்ச்மேன் வரை, வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்வியைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்க்கிறார்கள். அந்தத் தெருவில் மட்டும்தான் நான் வெறும் டைலரம்மா. அங்கேயும் வந்துவிட்டாரா? வந்திருந்தால் அவரை விரட்டுவதா, நான் விலகுவதா, இல்லை ஒன்றும் தெரியாதவள்போலக் கோட்டு வெட்டிக்கொண்டு இருப்பதா?

அவர் உன் ஊரில்தான் இருக்கிறாரா? ஆம், இல்லை என்று ஒரே ஒரு சொல் எழுது. மழுப்பாதே.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. ஏழு வாரம் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து, அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். "இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்" என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் இருப்பது நீயும் அவளும். இரண்டு பேருக்கு "இருந்தவர்கள் எல்லோரும்" எதற்கு? வெள்ளிக்கிழமை உனக்குக் கம்ப்யூட்டர் கிடைப்பதில்லை, குடைக்காரர் வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறார். பொய் சொல்ல வராதவன் நீ, சின்ன வயதிலிருந்தே.

விளக்கம் எழுதாதே. எனக்கு வேண்டாம். விளக்கம் வந்தால் நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒயரைப் பிடுங்கிய பிறகு நான் தெருப்பக்கம் போகவில்லை. போன வாரம் ரொட்டிக்கடைக்காரி தெரு வழியாக அனுப்பிய செய்தி என் போனுக்கு வந்தது. அப்படியே எழுதுகிறேன். "டைலரம்மா, உடம்புக்கு என்ன? கடை பூட்டியே கிடக்கு. குடைக்காரர் வெள்ளிக்கிழமை வந்து உங்க வாசல்ல குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். உள்ள யாரும் இல்லைங்கன்னு சொன்னேன். பரவாயில்லை, வாசப்படி நனையாம இருக்கட்டும்னு சொல்றார். எங்களுக்கு ஒண்ணும் புரியலை."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. நான்கு மாதம் என்று சொல்லி ஆறு வருடம் வராதவர், இல்லாத வாசலுக்கு இல்லாத மழையில் குடை பிடிக்கிறார். இதற்கு நான் சிரிப்பதா, திட்டுவதா?

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், அது என் தொழில். அந்தக் கோட்டு ஆறு வருடத்துக்கு முந்தைய உடம்புக்கு வெட்டியது. அறுபது தாண்டிய உடம்பு அப்படியே இருக்காது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளவெடுத்து அனுப்பு. மார்பு, இடுப்பு, கை நீளம், முதுகு. இரண்டு தோளையும் தனித்தனியாகப் பார். எதற்கு என்று கேட்காதே. கேட்டால் எனக்குத் தெரியாது.

உன் வீட்டுக்காரியின் சளி சரியாகிவிட்டதா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இவளுக்குச் சளி போய்விட்டது. உன் முட்டி எப்படி இருக்கிறது?

நீ சொன்னபடி அளவெடுத்தேன். தனித்தாளில் இருக்கிறது. அத்தானுக்குப் பழைய அளவு ஞாபகம் இருக்கிறது. அதைவிட மார்பில் இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது, இடுப்பில் இன்னும் கொஞ்சம். கை நீளம் அப்படியே. டேப்பை எடுத்துக்கொண்டு போனபோது அத்தான் எதற்கு என்று கேட்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் போய் நின்றார்.

தோள் விஷயம்தான். ஒரு தடவை எடுத்தேன். தப்பாக எடுத்துவிட்டேன் என்று மறுபடி எடுத்தேன். பிறகு இவளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். இரண்டு தோளும் சமமாக இருக்கிறது அக்கா. கண்ணால் பார்த்தாலும் சமம்தான். வாராவாரம் பார்க்கிறேன், இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. "பெட்டியைத் தூக்கி ஆறு வருஷம் ஆச்சே. இப்ப உக்காந்த இடத்துல மெஷின்தான் எடை போடுது" என்றார்.

"அப்ப அங்க எதுக்கு அத்தான் தோளைச் சாய்ச்சு வெச்சீங்க?" என்று கேட்டேன்.

டேப்பை வாங்கிச் சுருட்டிக் கொடுத்தார். பிறகு, "நேரா நின்னா உங்க அக்காவுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

விளக்கம் வேண்டாம் என்றாய். ஆனாலும் இரண்டு வரி எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் அடித்துவிடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கிடங்கில் சரக்கு லிஃப்ட்டு ரிப்பேருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். வரவேண்டிய நாளில் வேலை முடியவில்லையாம். ஒரு வாரம் தள்ளிப்போனது. என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று வெட்கம். வெட்கத்தில் ஒரு மாதம் போனது. ஒரு மாதத்துக்கு என்ன சொல்வது என்று இன்னும் வெட்கம். அப்படியே போய்விட்டது என்கிறார். நான் கோபப்பட்டேன், கத்தினேன். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரச் சொன்னேன். உன் கடிதம் வந்தால் படிப்பேன், அவர் கேட்பார். தெருவுக்குப் போகிற வழியை எழுதி நீ அனுப்பிய தாள் இப்போது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதாதே என்று நீ சொன்னாய், உன்னிடம் சொல்லாதே என்று அவர் சொன்னார். நான் நடுவில் நின்றேன். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை.

ரொட்டிக்கடைக்காரியிடம் நீ நலம் என்று அவரே சொல்லிவிட்டாராம். "எப்படிங்க தெரியும்?" என்று அவள் கேட்டதற்குத் தெருச் சட்டத்தைக் காட்டித் தப்பித்திருக்கிறார்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? என் முட்டி முழுதாக மடங்குகிறது. கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மணி அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறக்க முடிகிறது.

உன் கடிதம் வந்த அன்று கடைக்குப் போய் நிஜத் துணி எடுத்துவந்தேன். கருநீலம். மேஜையில் விரித்து, நீ அனுப்பிய அளவை வைத்துக்கொண்டு கோடு போட்டேன். மார்பு சரியாக வந்தது, கை சரியாக வந்தது. தோளுக்கு வந்ததும் சாக்கட்டி தானாக வலது பக்கம் இறங்குகிறது. அழித்துவிட்டு நேராகப் போட்டேன். நேராகப் போட்டால் யாருடைய கோட்டோ போல இருக்கிறது. இறக்கிப் போட்டால், இல்லாத ஆளுக்கு வெட்டுவதுபோல இருக்கிறது. இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் இரண்டு தோளுக்கும் துணியைத் தாராளமாக விட்டு வெட்டி, மற்ற இடமெல்லாம் நூலோட்டி நாற்காலி முதுகில் மாட்டிவைத்திருக்கிறேன். முன்னறைக்குள் நுழையும்போதெல்லாம் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் திடுக்கென்கிறது.

போன வெள்ளிக்கிழமை தெருவுக்குப் போனேன். தெருக்காரர்களுக்கு நேரான கோட்டு வெட்டிக் காட்டினேன், ஒருவரும் வாங்கமாட்டேன் என்கிறார்கள். "டைலரம்மா லீவுல போய்க் கைத்திறமையே போச்சு" என்கிறார் டாக்டர். மழை வந்ததும் குடைக்காரர் வாசலில் குடையோடு வந்து நின்றார். சாய்ந்துதான் நின்றார்.

"கடை திறந்திருக்கா?" என்று கேட்டார்.

"திறந்துதான் இருக்கு" என்றேன். விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மழை நிற்கும்வரை இரண்டு பேரும் நின்றோம். எனக்குக் கோபம் போகவில்லை தம்பி. இப்போதும் இருக்கிறது. ஒரு வாரத்துக்கான வெட்கத்தை ஆறு வருடமாக வளர்த்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று நானும் தினமும் யோசிக்கிறேன். ஆனால் அவர் போன பிறகு, வராத மழைக்கு மாடியில் துணி எடுக்கப் போனேன்.

கோட்டைப் பார்சலில் எதிர்பார்க்காதே. தோள் தையல் இன்னும் போடவில்லை. லிஃப்ட்டுக்காரன் பிடித்த டேப்பையும் என்னால் நம்ப முடியவில்லை, என் கையையும் நம்ப முடியவில்லை. ஆளை நிறுத்திக் கோட்டைப் போட்டு, சுருக்கம் எங்கே விழுகிறது என்று பார்த்தால்தான் எனக்குத் தெரியும். ட்ரையலுக்கு நேரில் வரவேண்டும் என்று உன் அத்தானிடம் சொல். தபாலில் ட்ரையல் பார்ப்பதில்லை.

வந்தால் உள்ளே விடுவாயா, பேசுவாயா, பிறகு என்ன என்றெல்லாம் நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. ட்ரையலுக்கு வந்தவரை வாசலில் நிற்கவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை, அதுவரைக்கும்தான் தெரியும். தோளை மட்டும் எனக்காகச் சாய்த்துக்கொண்டு வரவேண்டாம், இப்போது எப்படி இருக்கிறாரோ அப்படியே வரச் சொல்.

அன்புடன்,
அக்கா